கரையோரப் பயணமும் கையில் ஒரு கேமராவும்

பினாங்கில் வாழும் நமக்குக் கடல் புதிதன்று. ஜார்ஜ் டவுனிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் சற்று நேரத்தில் அலைச்சத்தம் காதில் விழுந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாசி லெமாக் பொட்டலங்களும் பாயும் தண்ணீர்ப் போத்தல்களுமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பத்து பெரிங்கிக்கோ தெலுக் பஹாங்குக்கோ போகிறோம்; பொழுது சாய வீடு திரும்புகிறோம். அண்மைக் காலமாக இளைஞர் பலர் கயாக் என்னும் சிறு தோணியை வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகத் துடுப்புப் போட்டும் பார்க்கிறார்கள். எல்லாருடைய சட்டைப்பையிலும் கேமராவோடு கூடிய கைப்பேசி இருக்கிறது. ஒரே நாளில் நூறு படம் எடுத்துவிடுகிறோம்.

ஒரு மாதம் கழித்து அந்த நூறு படங்களையும் எடுத்துப் பார்ப்போம். முகம் கறுத்திருக்கும், கடல் வெளுத்திருக்கும், தொடுவானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடல்நீர் முழுவதும் வழிந்து போய்விடும்போல் இருக்கும். குறை கருவியிலா, நம்மிடத்திலா? அதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

இந்தத் தீவில் படமெடுப்பது எவ்வளவு பாடாக இருந்தது என்பதற்கு ஒரு பழைய செய்தி சொல்லலாம். ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்காலத்திலேயே பினாங்கிலும் எதிர்க்கரையான வெல்லஸ்லி மாநிலத்திலும் பல மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். அன்று இருந்தது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டின்மேல் மருந்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியும் ஆகவேண்டும். நம் வெயிலில் பத்து நிமிடம் தாமதித்தால் தட்டு வீண். ஆகவே அவர் கேமராவோடு கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமந்துகொண்டே திரிந்தார். தமக்கு உதவியாகப் பினாங்கில் இரண்டு சென்னைக்காரர்களைப் பழக்கி வைத்திருந்ததாக அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த இருவரின் பெயரை நூல் சொல்லவில்லை. ஆயினும், இந்தத் தீவின் மிகப் பழைய படங்கள் சிலவற்றில் நம்மவர் கைபட்டிருக்கிறது என்பது நினைக்க இனிக்கிறது. அவர்களுக்கு ஒரு தட்டுக்கு ஒரே வாய்ப்பு. ஒளியைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நாம் காத்திருப்பதில்லை, வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒளியைப் பற்றிச் சொல்லும்போது நம் கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றிப்போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று. ஏறத்தாழ 1 மணி 20 நிமிடத்துக்கு. பருவத்தைப் பொறுத்துக் கால்மணி முன்பின் ஆகும். பகல் பன்னிரண்டுக்கு மேல் வெயில் தணியும் என்று எண்ணிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் சரியான உச்சி வெயிலில் போய் நிற்கிறார்கள். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் சூரியன் நேர் தலைக்குமேல் வருகிறது. அப்போது நம் நிழல் நம் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். கண்குழியும் மூக்கின் அடியும் இருண்டுபோகும். பதினொரு மணி முதல் நான்கு மணி வரை கேமராவைப் பையில் வைத்துவிட்டுச் சாப்பிடலாம், தூங்கலாம். சூரிய உதயம் நமக்கு ஏழு மணிக்கும் ஏழரைக்கும் அருகில்; மறைவு ஏழுக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில். அதாவது வேலைக்குப் போகிறவர்கள்கூட விடியல் ஒளியைத் தவறவிட வேண்டியதில்லை. இந்த வசதி எல்லா ஊருக்கும் கிடைப்பதன்று.

இனி முகம் கறுப்பதற்கு வருவோம். கேமராவிலுள்ள ஒளிமானி ஓர் அசட்டுக் கணக்குப்பிள்ளை. தன் முன்னால் உள்ள எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்து, அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். பின்னால் கடலும் வானமும் பளபளக்கும்போது, ‘அப்பப்பா, ஒளி அதிகம்’ என்று முடிவுகட்டி ஒளியைக் குறைத்துவிடும். நம் பாட்டியின் மாநிற முகம் நிழலுருவமாகிவிடும். கைப்பேசியில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினால் முகத்துக்கு ஏற்ற ஒளியை அது எடுத்துக்கொள்ளும். கடல் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டுமே. இதைவிட நல்ல வழி, ஆளைச் சற்று நகர்த்துவது. தென்னையின் அல்லது வாதுமையின் நிழல் விளிம்பில், வெயில் படும் மணலைப் பார்த்தபடி நிற்கவைத்தால், மணலே கீழிருந்து ஒளியைத் திருப்பித் தரும். கண்குழியில் வெளிச்சம் பரவும். கறுத்த முகங்களுக்கு இதைப்போல் அழகு சேர்க்கும் ஒளி வேறில்லை. வெள்ளைத் தோலை அளவாக வைத்து வண்ணம் சரிபார்க்கப்பட்ட பிலிம்களில் நம் முகங்கள் பட்ட பாட்டைப் பழைய கல்யாண ஆல்பங்களில் காணலாம். இன்று அந்தச் சாக்கு இல்லை.

கரையிலிருந்து இறங்கித் தோணிக்குப் போவோம். கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இன்யுவிட் மக்களின் சொல். மிதக்கும் மரத்துண்டுகளாலோ எலும்பாலோ சட்டம் செய்து, கடல்நாய்த் தோலைப் போர்த்து, வேட்டைக்குப் போக அவர்கள் அமைத்துக்கொண்ட ஓடம் அது. பனிக்கடலில் பிறந்த அந்த ஓடம் இன்று பிளாஸ்டிக் உடம்பு எடுத்து நம் வெந்நீர்க் கடலில் மிதக்கிறது. அதன் சிறப்பு, உட்காருபவரின் கண் நீர்மட்டத்துக்கு வெகு அருகில் இருப்பதுதான். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது சாதாரண அலையும் மலைபோல் தெரியும். பாறைகள் எழுந்து நிற்கும். அதைவிட முக்கியமானது, நாம் ஊரைக் கடலிலிருந்து பார்க்கிறோம் என்பது. நம் முன்னோர் இந்தக் கரையை முதலில் கண்டது அப்படித்தானே!

வானம் தெளிந்த காலையில், தஞ்சோங் பூங்காவுக்கு முன்னால் கொஞ்சம் தூரம் துடுப்புப் போட்டுவிட்டு வடக்கே திரும்பினால், நீலமாக ஒரு மலை தெரியும். அதுதான் கெடாவின் குனோங் ஜெராய். 1,200 மீட்டருக்கும் சற்று உயரம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் காலத்துக் கடாரம் என்று அறிஞர் பலர் கருதும் இடம். 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்ததாகச் சொல்லப்படும் நீர்ப்பரப்பின் அருகில்தான் நாம் பிளாஸ்டிக் தோணியில் உட்கார்ந்திருக்கிறோம். மலையை அடையாளமாக வைத்து மாலுமிகள் வந்த காட்சி, நீர்மட்டத்திலிருந்து எடுக்கும் ஒரு படத்தில் ஓரளவுக்குக் கிடைத்துவிடும்.

தோணியிலிருந்து எடுப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. தோணியும் ஆடுகிறது, நாமும் ஆடுகிறோம், பொருளும் ஆடுகிறது. ஆகையால் ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்காவது இருக்கட்டும். அலையின் உச்சியில் தோணி ஒரு கணம் நிற்பதுபோல் இருக்கும். அப்போது அழுத்த வேண்டும். தொலைவைக் கிட்டத்தில் கொண்டுவரும் லென்ஸ் இங்கே அவ்வளவாக உதவாது; ஆட்டத்தையும் அது பெருக்கிக் காட்டும். படத்தின் ஓரத்தில் தோணியின் மூக்கோ துடுப்பின் நுனியோ தெரியும்படி எடுத்தால், பார்ப்பவருக்கு நாம் எங்கே இருந்தோம் என்பது புரியும்.

இதைப் படித்துப் பழகியவர்கள்போல் சொல்கிறோமே தவிர, நாங்கள் கற்றுக்கொண்டது கவிழ்ந்துதான். நான்கு பேர் இரண்டு தோணிகளில் போயிருந்தோம். ஒரு செம்பருந்து, நம் ஊரில் கருடன் என்று கும்பிடுவோமே அது, தலைக்குமேல் வட்டமிட்டது. கழுத்தில் தொங்கிய கேமராவை எடுத்து, துடுப்பை மடியில் போட்டு, அண்ணாந்தோம். தோணி தானாகத் திரும்பி அலைக்குப் பக்கவாட்டில் நின்றதைக் கவனிக்கவில்லை. எங்கோ போன விசைப்படகு கிளப்பிய அலை அரை நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. கவிழ்ந்தோம். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கேமராவின் வார் துடுப்பில் சிக்கிக் கழுத்தை இழுத்த அந்தச் சில நொடிகளை இன்றும் மறக்க முடியவில்லை. அதன்பின் கேமராவைக் கழுத்தில் மாட்டுவதே இல்லை. மிதவைச் சட்டையின் முன்பையிலோ நீர்புகாப் பையிலோ வைத்து, மிதக்கும் கட்டையோடு இணைத்த சிறு கயிற்றால் தோணியில் கட்டுகிறோம். படமெடுக்குமுன் தோணியின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்புகிறோம். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் துடுப்பை நீரிலிருந்து எடுப்பதில்லை.

கைப்பேசியில் ஐ.பி. 68 என்று போட்டிருக்கிறதே, நனைந்தால் என்ன என்று கேட்பார்கள். அந்தச் சோதனை நன்னீரில், அசையாத நீரில், குறித்த ஆழத்தில், குறித்த நேரத்துக்குச் செய்வது. உப்புநீர் வேறு சங்கதி. அது ஓட்டைகளில் உலர்ந்து உப்பாகி உலோகத்தை அரிக்கும். பழைய கைப்பேசியின் ரப்பர் அடைப்பு முன்போல் இறுகியும் இருக்காது. கடல்நீர் பட்டால் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மின்னேற்றக் கூடாது.

எங்கே போகலாம்? புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெர்ரியிலேயே தொடங்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து புதிய பெர்ரிகள் பட்டர்வொர்த்துக்கு ஓடுகின்றன. மேல்தட்டில் நின்றால் சியூ ஜெட்டி முதலான சீனர் குலத் துறைகள் கால்களை நீரில் ஊன்றி நிற்பது நன்றாகத் தெரியும். துறைகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது. கொஞ்சம் பழகியபின் தெலுக் பஹாங். 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா அங்கே தொடங்குகிறது. முக்கா முனையில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கெராச்சுட் கடற்கரையில் மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாகக் கலக்காமல் இருக்கும் அபூர்வ ஏரி ஒன்று உண்டு. அங்கேயே ஆமைக் காப்பகமும் இருக்கிறது. பச்சைக் கடலாமைகள் இரவில் முட்டையிட வரும். ஒளிவிளக்குப் போட்டு அவற்றைப் படமெடுப்பது பாவம். தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணித் திசைமாறிப் போகும். அந்தப் படம் நமக்கு வேண்டாம். தெலுக் பஹாங்கில் மாசி மகத்தன்று சிங்கமுகக் காளியம்மன் தேர் கடலில் மிதந்து போகும் இரவில் ஆசை தீர எடுக்கலாம். கரையில் ஒரு கல்லின்மேல் கேமராவை ஊன்றி வைத்து ஒரு நொடி திறந்து விட்டால், விளக்குகளின் நிழல் நீரில் நெளிவதும் விழும்.

புறப்படுமுன் வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது. அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள்களில் ஏற்றவற்றம் மிகுதி. நம் கரையில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்குகிறது. நேரமும் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துகிறது. வற்றிய வேளையில் சேறு படர்ந்த கரையில் கொக்குக்கும் நண்டுக்கும் குறைவிராது, ஆனால் தோணியை இழுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடக்க நேரிடும். காற்றையும் கவனிக்க வேண்டும். காலையில் கடல் தூங்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும். பிற்பகலில் இடிமழை வரலாம். ஆண்டின் நடுமாதங்களில் ‘சுமத்ரா’ என்று வழங்கும் புயற்காற்று விடியற்காலையிலும் மேற்கிலிருந்து வரிசையாக வரும். மேற்கே கறுத்த கோடு ஒன்று கண்டால், படத்துக்கு அழகுதான். ஆனால் அது கரையில் நின்று எடுக்கவேண்டிய படம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம்மைப்போலப் பாயும் சாப்பாடுமாக வந்த குடும்பங்கள் பத்து பெரிங்கிப் பக்கத்திலும் பாலிக் புலாவின் பாசிர் பாஞ்சாங் கரையிலும் இருந்தபோது ஆழிப்பேரலை வந்தது. இந்த மாநிலத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களில் பலர் பிள்ளைகள். அன்று தாய்லாந்துக் கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது; கடலடி தெரிகிறதே என்று பார்க்க இறங்கியவர்கள் உண்டு. அசாதாரணமாகக் கடல் பின்வாங்கினால் கேமராவை எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் கரை மாறிக்கொண்டே இருக்கிறது. கர்னி டிரைவில் அலை மோதிய சுவருக்கு அப்பால் இன்று தூர்த்த நிலம் இருக்கிறது. தீவின் தெற்கே, பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கத்துக் கடலில், செயற்கைத் தீவு ஒன்றுக்காக 2023 செப்டம்பரில் மண் கொட்டத் தொடங்கினார்கள். அது நல்லதா கெட்டதா என்று மீனவர்களும் அரசும் வாதாடி வந்திருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நாம் இங்கே நுழையவில்லை. ஆனால் ஒரே இடத்தில், ஒரே திசையில், ஆண்டுக்கு ஒரு படம் எடுத்து வைக்கலாம். அந்த இரண்டு சென்னைக்காரர்கள் கழுவிய தட்டுகளால்தான் நூற்று அறுபது ஆண்டுக்கு முந்திய துறைமுகம் நமக்குத் தெரிகிறது. நூறு படத்தில் பத்தைத் தேர்ந்து காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்: இடம், நாள், மணி, உடன் வந்தவர் பெயர், அப்போது கடல் ஏற்றமா வற்றமா.