விசுவாசமும் நற்செயலும்: மீட்பில் எதற்கு எந்த இடம்?

மனிதன் பாவத்திலிருந்து மீட்கப்படுவது கடவுள்மேல் வைக்கும் விசுவாசத்தாலா, அவன் செய்யும் நற்செயல்களாலா? கிறிஸ்தவம் தோன்றிய முதல் நூற்றாண்டிலேயே எழுந்த கேள்வி இது. 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை பிளவுபட்டபோது அந்தப் பிளவின் மையத்தில் நின்றதும் இதுவே. நல்லது செய்ய வேண்டும் என்பதில் பெரும்பாலான சபைகளுக்கு ஐயம் இருந்ததில்லை. அந்த நன்மையை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் வழக்கு. மீட்புக்கு முன்னால் காரணமாக வைப்பதா, பின்னால் விளைவாக வைப்பதா, மீட்பின் வழியிலேயே ஒரு பகுதியாக வைப்பதா? இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் நூற்றாண்டுகளாக நடந்த விவாதம் முழுவதும் தெளிவாகும்.

பவுலும் யாக்கோபும்

விவாதத்தின் வேர் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. இயேசுவைப் பின்பற்றியவர்களில் முதல் தலைமுறையினர் யூதர்கள். பிற இனத்தாரும் சபைக்குள் வரத் தொடங்கியபோது, அவர்களும் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்ற பிரச்சினை எழுந்தது. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், விருத்தசேதனம் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை. கலாத்தியருக்கும் ரோமருக்கும் பவுல் எழுதிய நிருபங்கள் இந்தப் பின்னணியில் பிறந்தவை.

சட்டத்தின் கிரியைகளால் எவரும் கடவுள்முன் நீதிமானாவதில்லை, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தாலேயே ஆகிறார் என்பது பவுலின் வாதம். அதற்கு அவர் காட்டும் சான்று ஆபிரகாம். கடவுளின் வாக்குறுதியை ஆபிரகாம் நம்பினார், அந்த நம்பிக்கை அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று ஆதியாகமம் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் விருத்தசேதனம் பெற்றதோ 17ஆம் அதிகாரத்தில். நீதி முதலில் வந்தது, சடங்கு பிறகு வந்தது என்று பவுல் இந்த வரிசையையே ஆதாரமாக்குகிறார்.

யாக்கோபின் நிருபமும் அதே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது. ஆனால் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி வேறு. மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22ஆம் அதிகாரத்தை அது சுட்டுகிறது. ஆபிரகாமின் விசுவாசம் அந்தச் செயலில் நிறைவடைந்தது என்றும், செயலில்லாத விசுவாசம் உயிரற்றது என்றும் வாதிடுகிறது. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரிடம் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் யாருக்குப் பயன் என்று கேட்கிறது. கடவுள் ஒருவரே என்று பேய்களும் நம்புவதை எடுத்துக்காட்டி, வெறும் ஒப்புதல் விசுவாசமாகாது என்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இருவரும் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் அவர்கள் எதிர்கொண்ட நோய்கள் வேறு. சடங்கையும் சட்டத்தையும் காட்டிக் கடவுளிடம் உரிமை கோருபவர்களை நோக்கிப் பவுல் பேசுகிறார். வாயால் அறிக்கையிட்டுவிட்டு ஏழையைக் கைவிடுபவர்களை யாக்கோபு கண்டிக்கிறார். பவுல் சொல்லும் விசுவாசம் அன்பின் வழியாகச் செயல்படும் விசுவாசம் என்று கலாத்தியர் நிருபமே விளக்குகிறது. எபேசியர் நிருபமும் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது: மீட்பு கடவுளின் கொடை, அதில் மனிதன் பெருமை பாராட்ட இடமில்லை, ஆனால் மீட்கப்பட்டவர்கள் நற்செயல்களுக்காகவே படைக்கப்பட்டவர்கள்.

நற்செய்தி நூல்களிலும் இந்த இரண்டு குரல்களும் கேட்கின்றன. சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய குற்றவாளிக்கு நற்செயல் எதுவும் செய்ய நேரமே இல்லை. அவரை நம்பி வேண்டிக்கொண்ட அந்த நொடியில் பரதீசு வாக்களிக்கப்படுகிறது. மத்தேயு 25ஆம் அதிகாரம் வருணிக்கும் இறுதித் தீர்ப்பிலோ, பசித்தவருக்கு உணவளித்தார்களா, நோயாளியையும் சிறையிலிருந்தவரையும் பார்க்கச் சென்றார்களா என்பதே அளவுகோல்.

அகுஸ்தீனும் பெலாஜியஸும்

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேள்வி வேறொரு வடிவம் எடுத்தது. நன்மையைத் தேர்ந்து அதன்படி வாழும் ஆற்றல் மனித இயல்பிலேயே இருக்கிறது என்று பெலாஜியஸ் என்ற துறவி போதித்தார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430) இதைக் கடுமையாக எதிர்த்தார். பாவத்தால் காயப்பட்ட மனித விருப்பம், கடவுளின் அருள் முதலில் தொடாவிட்டால் நன்மையை நாடவும் இயலாதது என்பது அவர் நிலைப்பாடு. 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையை நிராகரித்தது. விசுவாசத்தின் தொடக்கமே அருளின் செயல் என்று 529இல் தென் பிரான்சின் ஓராஞ்ச் நகரில் கூடிய சங்கம் உறுதிசெய்தது. மனிதன் தன் முயற்சியால் மட்டும் மீட்பைச் சம்பாதிக்க முடியாது என்பது இவ்வாறு மேற்குத் திருச்சபை முழுவதற்கும் பொதுவான அடித்தளமாயிற்று. பிற்காலத்தில் மோதிக்கொண்ட இரு தரப்பினருமே அகுஸ்தீனைத் தங்கள் ஆசானாகக் கொண்டாடியவர்கள்.

லூதரின் கிளர்ச்சி

இடைக்காலத்தில் பாவசங்கீர்த்தனம், தவ முயற்சிகள், திருயாத்திரை, தானதருமம் ஆகியவை மக்களின் சமய வாழ்வில் பெரிய இடம் பெற்றன. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் எஞ்சியிருக்கும் தண்டனையைக் குறைப்பதற்குத் திருச்சபை வழங்கிய சலுகை, நாளடைவில் பணம் கொடுத்துப் பெறும் பாவமன்னிப்புச் சீட்டாக மாறியது. ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட நிதி திரட்டுவதற்காக ஜெர்மானியப் பகுதிகளில் யோகான் டெட்செல் என்ற துறவி இந்தச் சீட்டுகளைப் பரப்பினார். அதை எதிர்த்து விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அகுஸ்தீன் சபைத் துறவியுமான மார்ட்டின் லூதர் (1483–1546) 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துரைகளை வெளியிட்டார்.

லூதரின் கோபத்துக்குப் பின்னால் ஆழமான ஆன்ம வேதனை இருந்தது. நோன்பும் செபமும் தவமும் எவ்வளவு செய்தும், கடவுளுக்கு இது போதுமா என்ற அச்சம் அவரை விடவில்லை. ரோமர் நிருபத்தைப் படித்தபோது, கடவுளின் நீதி மனிதனைத் தண்டிக்கக் காத்திருக்கும் நீதியன்று, விசுவாசிக்கிறவனுக்குக் கொடையாகத் தரப்படும் நீதி என்று உணர்ந்தார். கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எண்ணப்படுகிறது. அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாதல் என்ற கொள்கை இதுதான். 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை மற்ற நூல்களைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார். வரிசையிலும் கடைசிப் பகுதிக்குத் தள்ளினார்.

ஆயினும் நற்செயலை அவர் ஒதுக்கவில்லை. நல்ல மரம் நல்ல கனி கொடுக்கிறது, கனி மரத்தை நல்லதாக்குவதில்லை என்ற உவமையால் தம் கருத்தை விளக்கினார். மீட்பைப் பற்றிய கவலை நீங்கிய மனிதன், கணக்குப் பார்க்காமல் அயலாருக்கு உழைக்க விடுதலை பெறுகிறான் என்பது 1520இல் அவர் எழுதிய ‘கிறிஸ்தவனின் சுதந்திரம்’ என்ற நூலின் சாரம். 1530இல் லூதரன் தரப்பு சமர்ப்பித்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும், நற்செயலைத் தாங்கள் தடைசெய்வதாகக் கூறுவது பொய்க் குற்றச்சாட்டு என்று மறுத்தது.

திரெந்து சங்கத்தின் பதில்

1545இல் தொடங்கி 1563 வரை இடைவெளிகளோடு நடந்த திரெந்து பொதுச்சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை தன் பதிலை வகுத்தது. 1547 ஜனவரி 13 அன்று நீதிமானாகுதல் பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட ஆணை வெளியானது. அதன் முதல் விதியே, கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்ற கருத்தைக் கண்டிக்கிறது. தொடக்க அருளை எவரும் தகுதியால் பெறுவதில்லை என்பதில் சங்கம் உறுதியாக இருந்தது.

லூதரிடமிருந்து அது விலகிய இடங்கள் இரண்டு. ஒன்று, நீதி வெளியிலிருந்து எண்ணப்படுவதோடு நிற்பதில்லை; அருள் மனிதனின் உள்ளத்தையே மாற்றிப் புதுப்பிக்கிறது. மற்றொன்று, அருளால் தூண்டப்பட்ட மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான். அருளில் நிலைத்துச் செய்யும் நற்செயல்களால் அவன் பெற்ற நீதி வளர்கிறது, அவை பேறுபலனுக்கும் உரியவை. லூதர் கனி என்று சொன்னதைத் திரெந்து வளர்ச்சி என்றும் சொன்னது. விசுவாசம் மட்டும் போதும், ஒத்துழைப்பு வேண்டாம் என்ற கருத்தை 9ஆம் விதி கண்டித்தது.

பிற மரபுகள்

ஜெனீவாவின் ஜான் கால்வின் (1509–1564), நீதிமானாகுதலும் பரிசுத்தமாகுதலும் கிறிஸ்துவோடு இணைவதால் ஒன்றாகவே கிடைக்கும் இரட்டைக் கொடை என்றார்: இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கலாம், ஆனால் பிரிக்க முடியாது. கீழைத் திருச்சபைகள் மேற்கின் இந்தச் சட்டமொழிக்குள் அதிகம் நுழையவில்லை. மனிதன் கடவுளின் வாழ்வில் மெல்ல மெல்லப் பங்குபெறுவதே மீட்பு என்றும், அதில் அருளும் மனித விருப்பமும் சேர்ந்து செயல்படுகின்றன என்றும் அவை கற்பிக்கின்றன.

லூதரன் சபைக்குள்ளேயே, சரியான கொள்கை இருந்தும் வாழ்வில் மாற்றமில்லாத நிலையைக் கண்டு வருந்தியவர்கள் பக்தி இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் மையமான ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அனாதை இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். அந்த மரபில் உருவான சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார்; தமிழகத்தில் நற்செய்திப் பணியோடு பள்ளியும் அச்சகமும் சேர்ந்தே வளர்ந்ததில் ஹாலேயின் முத்திரை தெரிகிறது. இங்கிலாந்தின் ஜான் வெஸ்லியும் (1703–1791) இதே திசையில் நடந்தார். 1738 மே 24 அன்று லண்டனில் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டு மனம் மாறியவர் அவர். ஆனாலும் பரிசுத்த வாழ்வையும் ஏழைகளுக்கான ஊழியத்தையும் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

விசுவாசத்தை மலிவாக்கும் ஆபத்தை 20ஆம் நூற்றாண்டில் மிகக் கூர்மையாகச் சுட்டியவரும் ஒரு லூதரன் போதகரே. கீழ்ப்படிதலில்லாமல் அருளை மட்டும் எதிர்பார்ப்பது திருச்சபைக்கு எதிரி என்று டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் எழுதினார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஒப்புதல்

பல பத்தாண்டுகள் நடந்த உரையாடலுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாகுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்திலே; தூய ஆவி அவனைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் மையம். இந்தப் பிரகடனத்தில் விளக்கப்பட்ட போதனைகளுக்கு 16ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் பொருந்தாது என்று இரு தரப்பும் அறிவித்தன. 2006இல் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், 2017இல் கால்வின் மரபைச் சேர்ந்த சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் இதில் இணைந்தன.

எல்லா வேறுபாடும் மறைந்துவிடவில்லை. நீதிமானாக்கப்பட்டவன் அதே வேளையில் பாவியாகவும் இருக்கிறான் என்ற லூதரின் கருத்து, நற்செயலின் பேறுபலன், மன்னிப்புக்குப் பின்னும் எஞ்சும் தண்டனை ஆகியவற்றில் விவாதம் தொடர்கிறது. கூட்டுப் பிரகடனத்தை ஏற்காத சபைகளும் உண்டு. ஆனால் இரண்டு எல்லைகளில் இவர்கள் அனைவரும் ஒன்றுபடுகிறார்கள். கடவுளின் அருளை எந்த நற்செயலாலும் விலைக்கு வாங்க முடியாது. அயலாரின் பசியைக் கண்டும் கை நீட்டாத விசுவாசத்துக்கு மீட்கும் வல்லமை இல்லை.