மேற்குச் சுவரில் மலையும் வெயிலும்

தேனியில் மாடியில் நின்றால் மேற்கே போடிப் பக்கத்து மலை தெரியும். ஆடிக் காற்றும் அங்கிருந்துதான் வீசும். அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் கேட்பதில் தப்பே இல்லை. சாயங்கால வெயிலும் அதே சுவரில்தான் அடிக்கிறது என்பதுதான் சிக்கல்.

தேனி இருப்பது சுமார் 10 பாகை வட அட்சரேகையில். ஜூன் மாத நண்பகலில் சூரியன் சற்று வடக்கே, ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேட் போட்டால் நிழல் 8 அடி இறங்கிவிடும். டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்கு அதே சன்ஷேட் 3 அடி நிழல் தரும், அதுவும் பரவாயில்லை. மேற்கில் மாலை நாலரைக்குச் சூரியன் 30 பாகைக்கும் கீழே வந்திருக்கும். அப்போது அந்த 2 அடி சன்ஷேட்டின் நிழல் ஓரடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி வெயில் நேராகக் கட்டில் மேல் விழும். உடனே கறுப்புக் கண்ணாடி, கனத்த திரை. அப்புறம் பட்டப்பகலில் டியூப்லைட். இதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

மும்பையில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவுக்கும் இதே சிக்கல் வந்தது. அங்கே கடலும் காற்றும் மேற்கில். வெயிலும் மழையும் அங்கிருந்தேதான். 1983இல் கட்டி முடித்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியில் வீடுகளின் மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த தோட்ட மாடங்களைக் குடைந்தார். அறை மாடத்துக்குப் பின்னால் ஒதுங்கியது. வெயில் மாடத்தோடு நின்றது. வெளிச்சம் மட்டும் உள்ளே போனது. நம் ஊர்த் திண்ணை வீடு செய்த வேலையும் இதுதான். தேனியில் மேற்கே 5, 6 அடி ஆழத்துக்குப் பால்கனி விட்டு, பக்கவாட்டில் செங்குத்துத் தடுப்போ ஜாலியோ வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வெளிச்சம் உள்ளே எட்ட, ஜன்னலின் அகலத்தைவிட அதன் மேல்விளிம்பின் உயரம் முக்கியம். தரையிலிருந்து அந்த விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே போகும். லின்டலை 7 அடியிலிருந்து 8 அடிக்கு ஏற்றினால் கூடுதலாக 2 அடிக்கு வெளிச்சம் எட்டும்.

மத்திய அரசின் குடியிருப்பு ஆற்றல் சிக்கன விதியான எகோ நிவாஸ் சம்ஹிதா 2018 கண்ணாடிக்கும் வரம்பு வைத்தது. வெளிச்சுவரில் ஜன்னல் 30 சதவீதம் வரை இருந்தால், கண்ணாடி குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்றது.

அடுப்படி ஓடிஎஸ் (வானம் பார்த்த திறந்த இடைவெளி) பக்கம் இருந்தால், கீழ்மாடியில் வீடு வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும். மேகம் மூடிய பகலில் அந்த வீட்டுக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, காய் நறுக்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து ஜன்னல் வழியே கொஞ்சமாவது வானம் தெரிய வேண்டும். எதிர்ச் சுவர் மட்டும் தெரிந்தால் வேறு வீடு பாருங்கள்.