பனியும் மோட்டார் வண்டியின் அம்பிளிபயரும்

பனி என்னும் சொல் தமிழில் இரு வேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. மார்கழி விடியலில் எமது வளவுப் பூசணி இலையில் முத்து முத்தாகத் திரளும் நீரும் பனி. கனடா நாட்டுத் தெருக்களில் முழங்கால் அளவுக்குக் குவியும் வெண்பொடியும் பனி. பெரும்பொழுதை ஆறாக வகுத்த தொல்காப்பியர் முன்பனி, பின்பனி என இரண்டு பருவங்களைப் பனிக்கே அளித்தார். அவர் கருதியது முன்னைய பனியையே. கடல் கடந்த நம்மவர் பின்னையதற்கும் அப்பெயரையே சூட்டினர். இதனால் விளைந்த மயக்கம் இலக்கணத்தோடு நில்லாது, மோட்டார் வண்டியின் பாட்டுப்பெட்டி வரைக்கும் சென்றுவிட்டது என்பதே ஈண்டு நாம் கூறவந்தது.

"இந்தப் பனிக்கு அம்பிளிபயர் செத்துப் போச்சு, சேர்" என்று ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவர் சொல்வர். திருவெம்பாவை நாட்களில் வானிலே புனல் பூட்டிப் பாட்டுப் போடும் இளைஞரும் அதே சொற்களைச் சொல்வர். சொல் ஒன்று, நோய் இரண்டு. அங்கே குளிர், இங்கே ஈரம். இதனைப் பிரித்தறியாதார், நல்ல கருவியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குகின்றனர். புதியதும் அடுத்த விடியலில் ஊமையாகின்றது. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவுவார் இருக்கக்கூடும். தமிழ்த் தினப் போட்டிக்கு ஒலிபெருக்கி ஒழுங்கு செய்யும் பொறுப்பு எந்த ஆசிரியர் தலையில் விழும் என்பதை அறிந்தவர் அவ்வினாவை எழுப்பார்.

கடையில் அம்பிளிபயர் எனப்படுவதே பௌதிகவியல் வகுப்பில் விரியலாக்கி எனப்படும். வானொலியிலிருந்து வரும் மெல்லிய மின்குறியை, ஸ்பீக்கரை அசைக்கவல்ல வலுவுடையதாக்குவது அதன் தொழில். அவ்வலு பற்றரியிலிருந்தே வருதல் வேண்டும். 200 வாற்றினை ஸ்பீக்கருக்கு அளிக்கும் பழைய வகைக் கருவியொன்று, தான் வாங்குவதில் ஏறத்தாழப் பாதியை வெப்பமாக்கிவிடும். ஆதலால் உரத்துப் பாடும் வேளையில் அது 400 வாற்று, அதாவது 33 அம்பியர் வரை இழுக்கும். ஏழு தலைவிளக்குகளை ஒருங்கே கொளுத்துவதற்கு ஒப்பான சுமை இது. இன்றைய டி வகுப்புக் கருவிகள் சிக்கனமானவை. அதே ஒலிக்கு 20 அம்பியர் அளவில் அவை நிறைவுறும்.

இவ்வளவு ஓட்டம் பாயும் வழியிலே, ஓமின் பத்திலொரு பங்கு தடை குறுக்கிட்டாலும் கேடு விளையும். 30 அம்பியரை 0.1 ஓமாற் பெருக்கினால் 3 வோல்ற்று. பற்றரியில் 12.6 இருக்க, கருவியை அடைவது 9.6 மாத்திரமே. பல கருவிகள் 10 வோல்ற்றை அண்டியதும் தம்மைக் காக்கும்பொருட்டுச் செவ்விளக்கை எரியவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதனைக் கண்டு கருவி பழுதென்று தீர்ப்பளித்தல் முறையன்று. பட்டினி கிடப்பவனை ஊமை என்பது போலாகும்.

குளிரின் முதல் இலக்கு பற்றரியே. பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் ஈயமும் திராவகமும் கொண்டு அமைத்த மின்கலத்தின் வழிவந்ததே இன்றும் பெரும்பாலான வண்டிகளிற் பூட்டப்படுகின்றது. அதனுள் நிகழ்வது இரசாயனத் தாக்கம். தாக்கங்கள் குளிரிலே தளரும். இதனை விளக்க எம்மவருக்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்று, பற்றரி தடைப் பொருளாகிவிட்ட காலத்தில், செய்தி கேட்பதற்காகத் தேய்ந்த டோர்ச் பற்றரிகளை வெயிலிற் காயவைத்து றேடியோவில் இட்டோமன்றோ? சூடு ஏற, செத்தது என்று கருதிய பற்றரி பத்து நிமிடமாவது பேசிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு இது நன்கு நினைவிருக்கும். ரொறன்ரோவின் தை மாதம் அவ்வெயிலுக்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றது. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் வண்டிப் பற்றரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய அரைவாசியையே தரும். அதன் அகத்தடையும் கூடும். எண்ணெய் தடித்துக் கிடக்கும் எஞ்சினைச் சுழற்றவோ வழமையிலும் மிகுதியான ஓட்டம் வேண்டும். எஞ்சியதைக் கொண்டே அம்பிளிபயர் பாடுதல் வேண்டும்.

ஆகவே திருப்புளியை எடுக்குமுன் மீற்றரை எடுக்க. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பற்றரியில் 12.6 வோல்ற்று இருப்பின் நிறைவு, 12.0 எனின் அது வெறுமையை அண்டிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.7க்கும் இடைப்பட்டிருந்தால் அல்டனேற்றர் தன் கடமையைச் செய்கின்றது. பின்பு பாட்டைச் சற்று உரத்துப் போட்டு, பற்றரியின் முனைகளில் ஒருமுறையும் அம்பிளிபயரின் முனைகளில் ஒருமுறையும் அளக்க. ஈரிடத்தும் வோல்ற்றளவு வீழ்ந்தால் பற்றரியே நோயாளி. பற்றரியில் நின்று அம்பிளிபயரில் வீழ்ந்தால் இடையிலுள்ள கம்பியோ, உருகியின் கூடோ, புவித்தொடுப்போ குற்றவாளி. ஐந்து நிமிடத்தில் முடியும் இவ்விசாரணையைச் செய்யாமல் எவரும் பணம் செலவிடலாகாது.

முற்றாக இறங்கிய பற்றரியின் திராவகம் பெரிதும் நீராகிவிடுவதால், பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை அளவிலேயே உறையக்கூடும். பெட்டி வீங்கியோ வெடித்தோ காணப்படின் அதற்கு மின்னேற்றவும் கூடாது, மற்றொரு வண்டியிலிருந்து கம்பி கொடுக்கவும் கூடாது. உள்ளே தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டால் வாயு தீப்பற்றி வெடிக்கும்.

வோல்ற்றளவு நிறைந்திருக்க, தொடக்கத்தில் இரைந்தும் கரகரத்தும் இருந்த ஒலி, வண்டி வெதுவெதுப்பானதும் தெளிகின்றதாயின் அப்பொழுது கருவியின் உள்ளே நோக்கலாம். மின்பகு கொள்ளளவிகளின் உள்ளிருக்கும் பாய்மம் குளிரில் இறுகித் தடையை உயர்த்தும். வயதாகி வற்றிய கொள்ளளவி கோடையில் ஒருவாறு சமாளித்துக் குளிரில் தன் முதுமையைக் காட்டிக்கொடுக்கும். பற்றாசு வைத்த இடங்கள் சுருங்கி மயிரிழை போல வெடித்திருத்தலும் உண்டு. ஸ்பீக்கரின் விளிம்பிலுள்ள றப்பரும் குளிரில் விறைத்திருக்கும். ஏறியதும் ஏறாததுமாய் ஒலியை முழுக்கத் திருப்புவோர் அதனைத் தாமே கிழித்துக்கொள்கின்றனர்.

இனி எமது மண்ணின் பனி. குடாநாட்டில் மார்கழி தையிலும் இரவின் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. நுவரெலியாவிற் புல்லின்மேல் உறைபனி படியும் விடியலிலும் யாழ்ப்பாணத்தார் ஒரு போர்வையோடு உறங்கலாம். இக்குளிர் எந்தப் பற்றரியையும் வருத்தாது. ஆயின் காற்றிலே நீராவி நிறைந்திருக்கும்போது, ஓரிரு பாகை குறைந்தாலே அது நீராகத் திரண்டுவிடும். முகிலற்ற இரவிலே வண்டியின் கூரைத்தகடு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சூழவுள்ள காற்றினும் குளிர்ந்து வியர்க்கின்றது. அந்நீர் இருக்கையின் கீழே பாயினை நனைத்து, அங்கே கிடக்கும் அம்பிளிபயரையும் நனைக்கும். மும்முறமும் கடலும் ஊடே கடனீரேரியும் கிடக்கும் நாட்டில், காற்றோடு வந்து படிந்த உப்பும் அதனோடு கரையும். உப்புநீர் மின்கடத்தி. ஈரமும் மின்னும் கூடுமிடத்தே செப்புக் கோடுகள் பச்சை பூத்து அரிபடும்.

விடியலில் முனகி, வெயில் ஏறிய பின் பாடும் கருவியை ஈரத்தின் மேல் ஐயுறுக. நனைந்ததை இயக்கிப் பார்த்தல் தீது. பற்றரியின் தொடுப்பைக் கழற்றி, கருவியை வெளியே எடுத்துக் காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் உலரவிடல் வேண்டும். முனைகளிற் படிந்த பச்சையைச் சுரண்டுக. பற்றரி முனையில் வெள்ளை பூத்திருப்பின் அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவித் துடைத்து, முனையை இறுக்கியபின் கிறீஸ் பூசுக. புவிக்கம்பி பொருந்துமிடத்தே நிறப்பூச்சையும் துருவையும் நீக்கி வெறும் இரும்பிலே முறுக்குதல் வேண்டும். எம்மூர்ப் பழுதுகளிற் பெரும்பாலானவை அவ்வொரு திருகாணியிலேயே கிடக்கின்றன. மீளப் பூட்டும்போது ஓரங்குல மரத்துண்டின்மேல் உயர்த்தி வைத்தல் நன்று. கனடா அன்பரும் இப்பந்தியைத் தாண்டிச் செல்லாதிருக்க. அங்கும் தெருப்பனியை உருக்க உப்பைத் தூவுகின்றனர். அது சப்பாத்தோடு ஏறி, வண்டியின் வெப்பத்தில் உருகி, அதே இருக்கையின் கீழ் வந்து சேர்கின்றது.

பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் பேணி வருவோருக்குத் தனியே ஒரு சொல். அவ்வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. இன்றைய அம்பிளிபயர் யாவும் மறைமுனை உடலோடு பிணைந்திருப்பதை எதிர்பார்ப்பவை. முனை மாற்றாது பூட்டினால் பனியும் வேண்டா, மழையும் வேண்டா. ஒரு நொடியிற் கதை முடியும். அவற்றின் டைனமோ தருவதும் 20 அம்பியர் அளவே. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. ஊர்வலத்தின் பின்னே ஆமை நடையிற் செல்லும் வண்டி பற்றரியையே தின்று பாடுகின்றது. அத்தகைய பணிக்கு வேறொரு பற்றரி கொண்டுசெல்லல் தகும்.

உருகி திரும்பத் திரும்ப அறுகின்றதெனின், ஸ்பீக்கர் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க. எதனைக் கழற்றியதும் செவ்விளக்கு அணைகின்றதோ அதன் வழியிலே கம்பி தோல் உரிந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். யாவற்றையும் கழற்றிய பின்னும் உருகி அறுந்தால் கருவி திருத்துநரிடம் செல்லவேண்டியதுதான். இடையில், திருவிழா அவசரத்தில் உருகிக்குப் பதிலாகச் செப்புக்கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றுவதை மாணவர் எவரும் பழகலாகாது. உருகி காப்பது அம்பிளிபயரை மட்டுமன்று. எஞ்சினருகே தொடங்கி எரிபொருட் குழாய்க்கு அண்மையாகவும் இருக்கையின் கீழாகவும் ஓடும் கம்பி முழுவதையும் அதுவே காக்கின்றது. அதனாலேயே அதனைப் பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அமைக்கின்றனர். செப்புக்கம்பி சுற்றிய வண்டியிற் கம்பி செந்தணலாகும்போது, உள்ளே ஒலிவாங்கியைப் பிடித்தபடி ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும்.

திருத்துநரிடம் கொடுக்கும்போது "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் கூறாது, எந்நேரத்தில் நின்றது, வெயிலேறியபின் மீண்டதா, ஈரிடத்தும் மீற்றர் காட்டிய அளவு யாது என்பவற்றை ஒரு துண்டிலே எழுதிக் கருவியோடு ஒட்டிக் கொடுக்க. கடையினுள் உலர்ந்த மேசைமேல் வைத்ததும் அது பெரும்பாலும் நன்றாகவே பாடும். அத்துண்டு இல்லையேல் அவர் அதனைத் துடைத்து அப்படியே திருப்பித் தந்துவிடுவார்.