காத்திராத வண்டி

பொது வாகனத்தில் பிரயாணம் செய்பவனை அதிகமாக வாட்டுவது எது? வண்டியின் வேகக் குறைவன்று. எப்பொழுது வருமென்று தெரியாமல் நிற்பதும், வழியெல்லாம் நின்று நின்று போவதும், பாதியில் இறங்கி வேறு வண்டி தேடுவதுமே அவனுடைய பொறுமையைச் சோதிக்கின்றன. இம்மூன்று கஷ்டங்களையும் ஒருங்கே நீக்குவதாக முன்வந்ததே தனிநபர் துரிதப் போக்குவரத்து என்னும் ஏற்பாடு. ஜனங்களுக்கு அதன்மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் மேற்கு விர்ஜினியாவிலுள்ள மார்கன்டவுன் நகரம் இதற்கு அநுபவ சாட்சியாகும். அங்கே சர்வகலாசாலைக் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் அமைந்தவை. மாணவர்களை ஏற்றிச் சென்ற பஸ்கள் நெருக்கடியான வீதிகளில் சிக்கித் தவித்தன. 1975-ம் ஆண்டில், சாரதியில்லாத மின்சார வண்டிகள் தனிப் பாதையில் ஓடத் தொடங்கின. பிரயாணி தான் சேரவேண்டிய இடத்துக்குரிய பொத்தானை அழுத்துகிறான். நிலையங்கள் பிரதான பாதையினின்று விலகிய கிளைப்பாதைகளில் இருப்பதால், இடைப்பட்ட நிலையங்களில் நிற்காமலே வண்டி நேராகச் சென்றுவிடுகிறது. இவ்வேற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

ஆயினும் கணக்கையும் பார்க்கவேண்டும். 2011-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இத்தகைய சிறு வண்டிகள் விடப்பட்டன. ஒன்றில் நால்வர் அமரலாம். அதுபோன்ற வண்டி ஆறு விநாடிக்கு ஒன்றாகப் புறப்பட்டால் மணிக்கு 600 வண்டிகள். நிறைந்து சென்றால் 2,400 பேர். தனித்தனியே ஏறினால் 600 பேர்தான். அறுபது பேர் கொள்ளும் பஸ்ஸை நிமிஷத்துக்கு ஒன்று விட்டாலோ 3,600 பேர் செல்வர். தனிமைச் சுகத்தின் விலை இதுதான். மார்கன்டவுன் வண்டியிலேயே சுமார் 20 பேர் ஏறுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். செலவும் சாமானியமன்று, அங்கே அது முதல் மதிப்பைப்போல் பல மடங்காயிற்று. அபுதாபியின் மஸ்தார் நகரில் ஊர் முழுவதற்கும் இதனை அமைக்க எண்ணியவர்கள், 2010-ல் சிறு பகுதியைத் திறந்ததோடு விரிவைக் கைவிட்டார்கள்.

ஆதலால் இந்த யந்திரத்தை எல்லா நகரங்களும் வாங்கவேண்டுமென்பது நமது கட்சியன்று. அது காட்டும் உண்மையை ஏற்கவேண்டுமென்பதே நமது கோரிக்கை. அடிக்கடி வரும் பஸ், அதற்கென ஒதுக்கிய பாதை, மாறி ஏறவேண்டாத தடம் — இவற்றுக்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நிர்வாகிகளுக்கு மனம் வேண்டும். வண்டிக்காகத் தெருவில் நிற்கும் தொழிலாளியின் அரைமணியும் அவனுடைய கூலியில் ஒரு பங்கே. அதனை வீணாக்க எந்த நகரசபைக்கும் உரிமையில்லை.