இளைப்பும் அதன் வேரும்

தருமபுரி மாவட்டம் குன்றுகள் பல நிறைந்தது. அக்குன்றுகளிலிருந்து கருங்கல்லை வெட்டி எடுத்தலும், அதனை உடைத்துச் சல்லியாக்குதலும் பலர்க்குச் சோறிடும் தொழில்களாகும். கல்லுடைக்கும் ஆலை ஒன்றில் உழைக்கும் 24 வயது இளைஞன் ஒருவன் இருப்பதாகக் கொள்க. சில திங்களாக, இரவின் பிற்பகுதியில் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. நெஞ்சினுள் சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. எழுந்து உட்கார்ந்தாலன்றி இளைப்புத் தணிவதில்லை. அண்டை வீட்டார் ஒருவர் அதனை 'இழுப்பு' என்கிறார். மற்றொருவர் 'சளிக்கட்டு' என்கிறார். வேறொருவர் காசநோயோ என ஐயுற, அவன் நீர் அருந்தும் குவளை தனியே ஒதுக்கப்படுகிறது. அவனோ, கூலி போய்விடுமே என்றஞ்சித் தன் துன்பத்தை மறைக்கிறான்.

மாணவர்களே! இளைப்பு என்பது நோயின் பெயரன்று. நோயின் குறியே ஆகும். புகையைக் கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணியலாம். ஆயின், எரிவது விறகா, வைக்கோலா, வீட்டுக் கூரையா என்பது அருகே சென்று காண்பார்க்கே புலனாகும். 'மருந்து' என்னும் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரும், நோய், அதன் காரணம், அது தணியும் வழி என்னும் வரிசையிலேயே மருத்துவனின் ஆராய்ச்சியை அமைத்துக் காட்டினார்.

மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து நுரையீரலெங்கும் பரவியுள்ளது. அக்கிளைகளைச் சூழ்ந்த தசை இறுகினாலும், உட்சவ்வு வீங்கினாலும், சளி அடைத்தாலும் வழி குறுகும். குறுகிய வழியே காற்றுச் செல்லும்போது குழலோசை போன்ற ஒலி பிறக்கும். ஆஸ்துமாவில் நிகழ்வது இதுவே. ஆனால், காசநோயும், கல்தூசு படிந்து நுரையீரல் இறுகும் சிலிக்கோசிசும், வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்குதலும் இளைஞர்க்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். இவற்றிற்குரிய மருத்துவம் வெவ்வேறாம்.

ஆதலின், மருத்துவர் முதலில் வினாக்களையே கருவியாகக் கொள்வர். இளைப்பு எப்பொழுது மிகும்? காய்ச்சலும் உடல் மெலிவும் உண்டா? குடும்பத்தில் எவர்க்கேனும் இந்நோய் உளதா? செய்யும் தொழில் யாது? நோயாளியின் தொழிலையும் வினவுதல் வேண்டும் என்பதனை இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். நம் இளைஞன், ஊர்த் திருவிழாவை ஒட்டிப் பத்து நாள் வேலைக்குச் செல்லாதிருந்தபோது மூச்சு எளிதாயிருந்தது என்கிறான். இச்சிறு விடை பெரிய தடயமாகும்.

வினாவிற்குப் பின் சோதனை. பிரெஞ்சு மருத்துவர் இலென்னெக் 1816 ஆம் ஆண்டில் கண்டறிந்த மார்பொலிமானி நெஞ்சின் ஒலியைக் காட்டும். சளியை ஆராய்ந்தால் காசநோய்க் கிருமி உண்டா என்பது தெரியும். எக்ஸ் கதிர்ப் படம் நுரையீரலில் படிந்த வடுக்களைக் காட்டும். ஸ்பைரோமானி என்னும் கருவியில் ஊதச் செய்து, முதல் நொடியில் வெளிப்படும் காற்றை அளப்பர். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து மீண்டும் அளப்பர். அவ்வளவு 12 விழுக்காடும், 200 மில்லிலிட்டரும் மிகுமாயின், ஆஸ்துமா என்னும் கருத்து வலுப்பெறும்.

இத்தகைய ஆராய்ச்சியின் பயனுக்குச் சான்று ஒன்று உண்டு. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த பிரிமோட் மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள், காசநோய் போலத் தோன்றியும் காசநோயல்லாத நிலை ஒன்றை 1940 ஆம் ஆண்டில் விளக்கினர். அந்நோயாளர் குருதியில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. இரவில் இருமலையும் இளைப்பையும் தரும் இந்நோய்க்கு யானைக்கால் நோயின் நுண்புழுக்களே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அப்புழுக்களை அழிக்கும் டைஎத்தில்கார்பமசின் மருந்தினால் அது தணிகிறது. குருதியை ஆராயாதிருந்தால், அவர்கள் தமக்கில்லாத நோய்க்கன்றோ மருந்துண்டிருப்பர்!

நம் இளைஞனின் சளியில் கிருமி இல்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் வடு இல்லை. இதய ஒலியில் பழுதில்லை. குருதியணுக்கள் அளவிறந்து மிகவில்லை. மருந்தை உள்ளிழுத்தபின் அவன் ஊதும் காற்று நன்கு மிகுந்தது. அவனுக்கு உற்றது ஆஸ்துமா. அதனை மிகுவித்தது கல்தூசு. நாள்தோறும் உள்ளிழுக்கும் மருந்தும், தூசில்லாத வேலையும் அவனுக்கு வேண்டுவன. தூசு எழாதவாறு நீர் தெளித்துக் கல்லுடைத்தல் உடன் உழைப்பார் அனைவர்க்கும் காப்பாகும். ஏனெனில், சிலிக்கோசிஸ் வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. பேசவும் இயலாதவாறு மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அக்கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஆஸ்துமா ஒட்டும் நோயன்று. காசநோயே ஆயினும், அது காற்றின் வழியே பரவுமன்றிக் குவளையால் பரவுவதில்லை. பெரும்பாலும் ஆறு திங்கள் முறையாக மருந்துண்டால் தீரும். எனவே, ஒதுக்கி வைத்த குவளை மற்றவற்றோடு சேர்தல் வேண்டும். நோயை மறைத்தல் நோயாளிக்குக் கேடு. அறியாது பெயரிட்டு அவனை ஒதுக்குதல் ஊரார்க்குப் பழி. காரணத்தை ஆராய்ந்து தெளிதலே இருவர்க்கும் நலம் பயப்பதாகும்.