கிரீமைத் தடவினால் மரபணு முழித்துக்கொள்ளுமா?

ஒரு புட்டி 132 டாலர் வரை விலை. தடவினால் உங்கள் மரபணுக்களே சுறுசுறுப்பாகிவிடும், ஏழே நாளில் தோல் இளமையாகத் தெரியும், அதுவும் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது! லாங்கோம் ஜெனிஃபிக் என்ற சீரத்துக்கு லாரியல் கம்பெனி அமெரிக்காவில் இப்படித்தான் விளம்பரம் செய்தது, தெரியுமா? "ஆதாரம் எங்கே?" என்று பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கேட்க, 2014இல் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அபராதம்? ஒரு காசுகூட இல்லை! இனிமேல் மரபணு பற்றிப் பேசினால் கையில் அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கூத்து இன்று நேற்று தொடங்கியதில்லை. 1930களில் சார்ல்ஸ் ஆஃப் தி ரிட்ஸ் என்ற கம்பெனி 'ரெஜுவனெஸன்ஸ் கிரீம்' விற்றது. பெயரிலேயே இளமை திரும்புகிறது! சுமார் 10 லட்சம் டாலருக்கு விற்றுத் தீர்த்தார்கள். அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று கமிஷன் தடை போட்டது. கம்பெனி அப்பீலுக்குப் போய் என்ன வாதாடியது தெரியுமா? "புத்தியுள்ள யாராவது இதை நம்புவார்களா?" என்று! வாங்கியவர்களையே முட்டாளாக்கிய அந்த வாதத்தின் துணிச்சலை நினைத்தால் இன்றும் வாய் பிளக்கிறது. 1944இல் நீதிபதிகள் மசியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்தான், ஆனால் இளமை ஊற்றைத் தேடி அலையும் பெருங்கூட்டம் எப்போதும் இருக்கிறது, சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

உலகத்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையை 1967இல் செய்த டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டைத் தெரியும். அவரே பின்னாளில் முகக் கிரீம் விளம்பரத்துக்கு வந்து நின்றது தெரியுமா? 1986இல் வந்த கிளைசெல்! அடுத்த வருடமே அமெரிக்க உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ., இப்படிப்பட்ட கிரீம் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதங்களை அனுப்பியது. காரணம், 1938ஆம் வருடச் சட்டம். அழகைக் கூட்டினால் அது ஒப்பனைப் பொருள். தோலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் என்றால் மருந்து. மருந்துக்கோ சோதனை, அனுமதி என்று ஆயிரம் தொல்லை! அதனால்தான் 'சுருக்கம் மறையும்' என்று சொல்லாமல், 'சுருக்கம் குறைந்தாற்போல் தோன்றும்' என்று பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். அந்தத் 'தோன்றும்' வக்கீல் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

காபியைக் குடிக்க வேண்டாம், உடுத்தினாலே போதும் என்றால்? நிஜமாகவே விற்றார்கள்! கஃபீன் ஏற்றிய உள்ளாடையைப் போட்டால் உடம்பு இளைக்கும், தோலில் விழும் மேடுபள்ளம் குறையும் என்ற விளம்பரத்துக்காக 2014இல் வாகோல் கம்பெனி 13 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

சரி, ஏமாந்த பெண்மணிக்கு என்ன கிடைக்கும்? பத்து டாலர் லோஷனுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? இங்கேதான் 'கிளாஸ் ஆக்‌ஷன்' வருகிறது. ஒன்றிரண்டு பேர் வழக்குப் போட்டால், அதே பொருளை வாங்கிய லட்சக்கணக்கானோருக்கும் சேர்த்து அந்த வழக்கு நடக்கும். விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காதவரை நீங்களும் உள்ளே! தங்களுக்காக ஒரு வழக்கு நடக்கிறது என்றே தெரியாமல் எத்தனையோ பேர் வாதிகளாக இருக்கிறார்கள்.

அவீனோ கிரீம்களின் 'ஆக்டிவ் நேச்சுரல்ஸ்' லேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை என்று போட்டுவிட்டு உள்ளே செயற்கைப் பொருள்கள் என்று புகார். 2017இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் 67.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கேட்கப் பெரிய தொகை! வாங்கியவர்களுக்குக் கிடைப்பதோ ஒரு பாட்டிலுக்கு சுமார் இரண்டரை டாலர். அதையாவது வாங்குகிறார்களா? இப்படிப்பட்ட பல வழக்குகளை ஆராய்ந்து 2019இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வெளியிட்ட அறிக்கையில், நோட்டீஸ் அனுப்பப்பட்டவர்களில் பணம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் என்ற அளவில்தான் தேறினார்கள். இந்தச் சமரசங்களில் இன்னொரு வேடிக்கை: பணம் கொடுக்கும் கம்பெனி, 'நாங்கள் தப்பே செய்யவில்லை' என்றும் கூடவே எழுதிவிடும்!

பணத்துக்குப் பதில் கிரீமே கொடுத்த கதை தெரியுமா? இது விளம்பரப் பொய் வழக்கு இல்லை. விலை இறங்காமல் பேசிவைத்துக்கொண்டார்கள் என்ற புகார். எஸ்டே லாடர், ஷனெல் போன்ற பெரிய பெயர்களும் பெரிய கடைகளும் சேர்ந்து 17.5 கோடி டாலர் மதிப்புள்ள அழகுப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கச் சம்மதித்தன. 2009 ஜனவரி 20, அங்கே வாஷிங்டனில் ஒபாமா பதவியேற்கிறார், இங்கே கடை கவுன்டர்களில் கூட்டம்! ரசீது வேண்டாம். 1994க்கும் 2003க்கும் நடுவில் வாங்கியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும். ஆளுக்கு ஒன்றுதான், முந்தியவருக்கே முதலில், ஸ்டாக் தீர்ந்தால் கிடையாது. வக்கீல்கள் மட்டும் தங்கள் ஃபீஸைப் பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்!