கார் ரிவ்யூ சொல்பவர் யாருக்கு நண்பர்? ஆம்பூர் பிரியாணி மேஜையில் தொடங்கும் கதை

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி போய் வருபவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். உடம்பு முழுக்க கறுப்பு வெள்ளை சுழல் ஸ்டிக்கர் ஒட்டி, லோகோவை மறைத்து, ஒரு கார் வாலாஜாபேட்டை டோல்கேட்டைத் தாண்டிப் போகும். பின்னால் வரும் பைக்காரர் ஒரு படம் எடுத்துப் போட்டால், சாயங்காலத்துக்குள் அது ‘ஸ்பை ஷாட்’. அடுத்த வருடம் வரப்போகும் வண்டி அது.

இந்தச் சாலையின் ஒரு பக்கம் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய், ராயல் என்ஃபீல்டு, ரெனோ, நிசான் எல்லாம் அங்கே. மறு பக்கம் ஓசூர்: டி.வி.எஸ்., ஏத்தர். நடுவில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள். வண்டியை உருவாக்குபவர்கள் ஓட்டிப் பார்க்கும் ரோடு இது. வண்டியைப் பற்றி எழுதுபவர்களும் இதே ரோட்டில்தான் வருவார்கள். பிரியாணிக்கு ஆம்பூர், வளைவுக்கு ஏலகிரி. தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏலகிரியில் இருக்கின்றன. ஒரு வண்டியின் ஸ்டீயரிங், பிரேக், கிளட்ச் மூன்றையும் அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

அந்தப் பிரியாணி மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் ஒரே ஆபீஸ் ஆட்கள் போலத் தெரியும். கிட்டப் போய் விசாரித்தால் நான்கு பேரும் நான்கு போட்டி நிறுவனங்கள். சேனல் வேறு, பத்திரிகை வேறு. கல்யாணத்துக்கு மட்டும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவார்கள்.

சரி, இதுல நமக்கு என்ன? வேலூரில் ஒருவர் முதல் கார் வாங்குவதற்கு முன் மூன்று வீடியோ பார்க்கிறார். மூன்று பேரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். மூன்று கருத்து கேட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் 7 வருட லோனில் கையெழுத்துப் போடுகிறார். அந்த மூன்று வீடியோவும் ஒரே நாளில், ஒரே ஹோட்டல் வாசலில், ஒரே கம்பெனி ஏற்பாட்டில் எடுத்ததாக இருந்தால், அவர் கேட்டது மூன்று கருத்தா, ஒரு கருத்தா?

எல்லோரும் ஒரே குடும்பம்

இந்தியாவில் கார் விமர்சனம் என்பது ரொம்ப சின்ன வீடு. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை ஒப்பிட்டுப் பார்க்கவே பெரிதாக எதுவும் இல்லை. அம்பாசடரா, ஃபியட்டா என்பதற்கு ஒரு பத்திரிகை தேவைப்படவில்லை. 80-களிலும் 90-களிலும் ஆர்வக்கோளாறுகள் சிலர் சேர்ந்துதான் இந்தத் துறையை உண்டாக்கினார்கள். ஆட்டோ இந்தியா போன்ற இதழ்களைத் தொடங்கிய கௌதம் சென் அவர்களில் ஒருவர். புனேவைச் சேர்ந்த ஆதில் ஜால் தாருகானாவாலா இன்னொருவர். 1998-ல் ‘ஓவர்டிரைவ்’ இதழைத் தொடங்கியவர், பிறகு ஜிக்வீல்ஸ் இணையதளத்தை வழிநடத்தினார். 1999-ல் ‘ஆட்டோகார் இந்தியா’ வந்தது. 1895-ல் பிரிட்டனில் ஆரம்பித்த இதழின் இந்தியப் பதிப்பு அது. ஆசிரியர் ஹோர்மஸ்த் சொராப்ஜி. ஓவர்டிரைவின் ஆசிரியராக இருந்த சிரிஷ் சந்திரன் பின்னர் ‘எவோ இந்தியா’வுக்குப் போனார்.

ஒருவர் பெயரைப் பிடித்து இழுத்தால் இன்னும் நாலு பேர் கூடவே வருவார்கள். இவரிடம் வேலை கற்றவர் அங்கே ஆசிரியர், அங்கே இருந்தவர் இப்போது யூடியூபில் முதலாளி. தமிழில் மோட்டார் விகடன் வந்த பிறகு ‘டார்க்’, ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ எல்லாம் டீக்கடைப் பேச்சாகின. அந்தப் புண்ணியத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போட்டியாளர்கள் ஒரே மேஜையில் உட்காருவதற்கு முறையான ஏற்பாடே உண்டு. ‘இண்டியன் கார் ஆஃப் தி இயர்’ விருதுக்கு வெவ்வேறு இதழ்களின் பத்திரிகையாளர்கள் ஒரே நடுவர் குழுவில் அமர்கிறார்கள். 2006-ல் முதல் விருதை வாங்கியது ஸ்விஃப்ட். ஐரோப்பாவில் இதே பாணி விருது 1964 முதல் நடக்கிறது.

டிக்கியில் உட்காரும் நட்பு

இவர்கள் நெருக்கமாக இருப்பதற்கு வேலையே ஒரு காரணம். ஓடும் காரை அழகாகக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: சக்கரம் சுழலும், பின்னணி மங்கும், கார் மட்டும் துல்லியமாக நிற்கும். ‘டிராக்கிங் ஷாட்’ என்பார்கள். பெரும்பாலும் முன்னால் ஒரு கார் போகும். அதன் டிக்கி திறந்திருக்கும், கேமராக்காரர் அங்கே உட்கார்ந்திருப்பார். சில அடி தள்ளி, அதே வேகத்தில், பின்னால் ரிவ்யூ கார் வரும். முன்னால் ஓட்டுபவர் சட்டென்று பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு டிரைவர்களையும் நம்பித்தான் அந்தக் கேமராக்காரர் உட்கார்ந்திருக்கிறார். (போக்குவரத்து உள்ள சாலையில் இதைச் செய்வது ஆபத்து, ரீல்ஸுக்காக முயற்சிக்க வேண்டாம்.) அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, வெளிச்சம் வருவதற்குள் ஏலகிரி அடிவாரத்தில் நிற்பதும் தனியாகச் செய்கிற வேலை இல்லை.

உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம், பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ மூவர். 2006-ல் ரிச்சர்ட் ஹாமண்ட் ஜெட் இன்ஜின் கார் ஓட்டி, மணிக்குச் சுமார் 460 கி.மீ. வேகத்தில் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தார். 2015-ல் தயாரிப்பாளரைத் தாக்கிய விவகாரத்தில் ஜெரமி கிளார்க்சனின் ஒப்பந்தத்தை பி.பி.சி. புதுப்பிக்கவில்லை. தப்பு அவருடையது. ஆனால் ஹாமண்டும் ஜேம்ஸ் மேயும் அவருடனேயே கிளம்பிவிட்டார்கள். அமேசானில் மூவரும் செய்த நிகழ்ச்சி 2024 செப்டம்பரில்தான் முடிந்தது.

எல்லா நட்பும் இப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் டேவிட் இ. டேவிஸ் என்று ஒரு ஆசிரியர். மிடுக்காக உடுத்துவார், அதைவிட மிடுக்காக எழுதுவார். 1968-ல் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழில் பி.எம்.டபிள்யூ 2002 காரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர், அதே கட்டுரையில் அந்தக் காரின் ரேடியோவைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதை ஒட்டி எழுந்த தகராறில் பத்திரிகையைவிட்டே வெளியேறினார். சில வருடங்களில் அதே பத்திரிகைக்குத் தலைமை ஏற்றுத் திரும்பி வந்தது தனி சினிமா.

1980-ல் அவர் வேலைக்கு எடுத்த ஒரு பெண், ஜீன் ஜென்னிங்ஸ். டாக்ஸி ஓட்டியவர், கிரைஸ்லரின் சோதனைத் தளத்தில் வேலை பார்த்தவர். பத்திரிகைப் படிப்பு கிடையாது. வண்டியும் தெரியும், வாயும் உண்டு. 80-களின் நடுவில் டேவிஸ் வெளியேறி ‘ஆட்டோமொபைல்’ இதழைத் தொடங்கியபோது ஜென்னிங்ஸும் கூடவே போனார். குரு - சிஷ்யை என்று ஊரே பேசியது. 2000-ல் அந்த இதழின் தலைமை ஆசிரியர் நாற்காலி ஜென்னிங்ஸிடம் வந்தது. அதன் பிறகு இருவருக்கும் இடையே கசப்பு. கடைசிக் காலத்தில் டேவிஸ் அவரைப் பற்றிப் பொதுவெளியிலேயே கடுமையாகப் பேசினார். 2011-ல் டேவிஸ் இறந்தார், 2024 டிசம்பரில் ஜென்னிங்ஸ். ஆண்களே நிறைந்திருந்த துறையில் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் அவரே, அவர் தலைமைக்கு வந்ததும் பொறுக்காமல் போனவரும் அவரே என்பதுதான் இந்தக் கதையில் உறுத்துவது.

இன்னொரு நட்பு: கம்பெனியோடு

சக பத்திரிகையாளர்கள் அடித்துக்கொண்டாலும் கட்டிப்பிடித்தாலும் வாசகருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது வேறு நட்பில்.

புது வண்டி வரும்போது கம்பெனி ‘மீடியா டிரைவ்’ நடத்தும். விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு பெரும்பாலும் கம்பெனி செலவு. வழியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். நல்ல ரோடு, நல்ல வெளிச்சம், கையில் டாப் வேரியன்ட். சில மணி நேரம் ஓட்டலாம். ‘இந்தத் தேதி, இந்த மணிக்கு முன் வெளியிடக் கூடாது’ என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதற்குப் பெயர் ‘எம்பார்கோ’. ஒரே நிமிடத்தில் இருபது வீடியோ உங்கள் போனில் வந்து விழுவது இதனால்தான்.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. சந்தைக்கு வராத காரை வேறு எப்படி ஓட்டிப் பார்ப்பது? ஆனால் கம்பெனியின் பி.ஆர். ஆள் பத்து வருடப் பழக்கம். பிறந்தநாளுக்கு முதல் மெசேஜ் அவரிடமிருந்துதான் வரும். சில சமயம் அவரே முன்னாள் பத்திரிகையாளராக இருப்பார். எதிர்ப்பக்கம் போவது இந்தத் துறையில் சகஜம்: பி.எஸ். மோட்டாரிங் இதழை நடத்திய பிஜோய் குமார், பின்னர் மஹிந்திராவில் சேர்ந்து அதன் சாகசப் பயணங்களைக் கவனித்தார். நல்ல எழுத்தாளர், நல்ல வேலை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘கியர் பாக்ஸ் மட்டம்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டிய இடத்தில் எதிரில் இருப்பது நண்பராக இருந்தால், அது ‘இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்’ என்று மாறிவிடுகிறது. இந்த மொழிபெயர்ப்பு வாசகருக்குத் தெரியாது.

நட்பு வேண்டாம் என்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் டான் நீல், கார் விமர்சனத்துக்காக 2004-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஒன்றையும் நிர்வாகத்தையும் சேர்த்து அவர் வெளுத்து வாங்க, அந்தக் கம்பெனி நாளிதழுக்குக் கொடுத்துவந்த விளம்பரங்களை நிறுத்தியது. சில மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வந்தது.

சொல்லாமல் விட்டது எது?

1997 அக்டோபரில், ஸ்வீடனில் ராபர்ட் காலின் என்ற பத்திரிகையாளர் புத்தம்புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை ஓட்டிப் பார்த்தார். குறுக்கே ஒரு காட்டு மான் வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனை. கார் கவிழ்ந்தது. கம்பெனி முதலில் முரண்டு பிடித்தது, பிறகு விற்பனையை நிறுத்தி, எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் இ.எஸ்.பி. என்கிற வழுக்கல் தடுப்பு அமைப்பைப் பொருத்தித் தந்தது.

இந்தியாவில் அப்படி ஒரு நாள் 2014 ஜனவரியில் வந்தது. ஆனால் அதைச் செய்தது நம் பத்திரிகைகள் இல்லை. குளோபல் என்கேப் என்ற வெளிநாட்டு அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். ஃபோக்ஸ்வாகன் ஏர்பேக் இல்லாத போலோவையே விற்பனையிலிருந்து எடுத்தது.

அந்த ஐந்து கார்களும் நம் இதழ்களில் பக்கம் பக்கமாகப் பேசப்பட்டவை. மைலேஜ் எவ்வளவு, ஏசி எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது, பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாமா என்பதெல்லாம் அலசப்பட்டது. நியாயமாகச் சொன்னால், காரை மோதிப் பார்க்க பத்திரிகையிடம் லேப் கிடையாது. ஆனால் ‘பேஸ் மாடலில் ஒரு ஏர்பேக்கூட இல்லையே’ என்று கேட்க லேப் தேவையில்லை. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கு 2021-ல். நம்முடைய சொந்த சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளிகொண்டா - ஆம்பூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு இந்த வருடக் கணக்கு வெறும் தகவல் இல்லை.

இப்போது பத்திரிகையைவிட யூடியூப் பெரிது. இங்கே நட்பு, ஃபாலோயர் கணக்கில் நடக்கிறது. ரிவ்யூவுக்கும் சாகசத்துக்கும் கோடு அழிந்துவிட்டது. இதே நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் தாமல் அருகே 2023 செப்டம்பரில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபரின் லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது நினைவிருக்கும்.

அதே 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. காசு வாங்கினால் மட்டுமல்ல. இலவசப் பயணம், ஹோட்டல், பரிசு எது கிடைத்திருந்தாலும் அதைப் பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். கீழே டிஸ்கிரிப்ஷனில் ஒளித்து வைத்தால் போதாது, வீடியோவிலேயே வர வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடுத்த முறை ‘ஃபர்ஸ்ட் டிரைவ்’ வீடியோ பார்க்கும்போது முதல் ஒரு நிமிடத்தில் இந்த ஒரு வரி வருகிறதா என்று கவனியுங்கள். வண்டியைக் கம்பெனி கொடுத்ததா, சொந்தக் காசில் வாங்கியதா? ஒருநாள் ஓட்டினாரா, ஆறு மாதமா? சொந்தக்காரர்கள் 20,000 கி.மீ. ஓட்டிவிட்டுப் போடும் சுமாரான வீடியோக்களில் வெளிச்சம் சரியாக இருக்காது. ஆனால் சர்வீஸ் பில் எவ்வளவு வந்தது என்பது அங்கேதான் தெரியும்.

ஆம்பூர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. ரிவ்யூவில் ‘பிரீமியம் லெதர் சீட்’ என்று உருகுவார்கள். நம்மூரில் விற்கும் பெரும்பாலான கார்களின் பிரோஷரைத் திறந்தால் எழுதியிருப்பது ‘லெதரெட்’. அதாவது துணி மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசிய செயற்கைத் தோல். தோல் தொழிற்சாலையில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்குத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், முகர்ந்தால் இன்னும் சீக்கிரம். இதைத் தப்பாகச் சொல்பவர், நமக்குத் தெரியாத டர்போ இன்ஜினைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொல்வார்?

கொஞ்சம் தள்ளி, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் - ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த ரோட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள் இனி அதிகமாகும். ஆம்பூரில் அந்த நாலு பேர் மேஜையும் அடிக்கடி நிறையும். சாப்பிட்டு எழும்போது பில்லை எடுப்பது யார் என்று மட்டும் பாருங்கள்.